நான் வைத்த இரண்டு கையெழுத்து

கனடாவில், ஸ்காபரோவில் நாங்கள் இருக்கிற மில்லிக்கனில் பிளேன் தாழப் பறந்தால் ஒருத்தரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. முன்வீட்டு வெள்ளைக்காரி பூவுக்குத் தண்ணி விட்டபடியே நிற்பா. வந்த புதிதில் நான் பருப்பை அடுப்பில் விட்டுவிட்டுப் படிக்குக் கீழே போய்க் குந்தியிருக்கிறன். மருமகள் வதனிதான் விளங்கப்படுத்தினாள். ஸ்டீல்ஸ் றோட்டுக்கு வடக்கே ஒரு சின்ன எயர்போர்ட் இருக்காம். இங்கே சனம் கார் வைத்திருக்கிறமாதிரிப் பிளேனும் வைத்திருக்குமாம். "குண்டு போடுறதில்லை மாமி, ஆசைக்கு ஓடுறது." ஆசைக்கு எண்டதைத்தான் நம்பக் கஷ்டமாயிருந்தது.

ஒருநாள் பின்னேரம் டொனால்ட் எண்டொரு மனிசன் கதவைத் தட்டினார். எங்கள் தெருவில் கடைசி வீடு. சொந்தப் பிளேன் ஓடுறவர்களின் சங்கத்துக்கு இந்தப் பக்கத்து ஆள் அவர்தானெண்டு பிறகுதான் அறிந்தன். சம்பளமில்லை. சின்ன எயர்போர்ட்டுகளை மூடி வீடு கட்டக்கூடாதெண்டு ஊரூராய்க் கூட்டத்துக்குப் போய்க் கதைப்பார், சனத்திடம் கையெழுத்து வாங்குவார். அண்டைக்கு வீட்டில் நான் தனிய. அவர் கையைப் பிளேன் செட்டைமாதிரி விரித்து வெகுநேரம் கதைத்தார். நான் கண்ணாடியைப் போட்டுத் தாளை மேலிருந்து கீழே பார்த்து, "யெஸ், யெஸ்" எண்டன்.

உண்மையைச் சொல்லுறன். நான் இரண்டாம் வகுப்போடு நிண்டவள். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல வதனிதான் எழுதுகிறாள். யாழ்ப்பாணத்தில், கட்டுவனில் எங்கள் கேற்றடியில் வேலை கேட்டு ஆட்கள் காத்து நிண்ட காலத்திலும் எனக்கு வாசிப்பு ஓடாதெண்டதை வெளியில் விட்டதில்லை. அங்கே தாளோடு ஊர் விதானையார் வந்தாலென்ன, ஆமி வந்தாலென்ன, இயக்கப் பெடியள் வந்தாலென்ன, ஏன் எதுக்கெண்டு கேட்கிறதில்லை. கேட்டால்தான் வில்லங்கம். பேரையும் ஊரையும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறது. அந்தப் பழக்கத்தில் "நாகம்மா, கட்டுவன்" எண்டு தமிழில் எழுதிக் கொடுத்தன். என் கைக்குப் படிந்த எழுத்து அவ்வளவுதான். அடுத்த கிழமை எயர்போர்ட்டை ஒட்டின புதுவீடுகள் பக்கத்திலிருந்து ஒருத்தி வேறொரு தாளோடு வந்தாள். அவளுக்கும் கண்ணாடி, அவளுக்கும் யெஸ், அவளுக்கும் நாகம்மா, கட்டுவன்.

பிறகு நகரசபைக் கூட்டத்துக்கு எல்லாரையும் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. வதனி என்னையும் கூட்டிப் போனாள். அந்தப் புதுவீட்டுப் பெண் எழும்பி இரண்டு தாளையும் சுவரில் வெளிச்சம் பாய்ச்சிக் காட்டினாள். வதனி என் காதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு தாள் எயர்போர்ட் வேணுமெண்டதாம், மற்றது மூடச் சொன்னதாம். மூடச் சொன்ன ஆள் வேணுமெண்டும் எழுதுமோ, எங்கள் தாளைப் பார்த்து டொனால்ட்தான் கீறியிருக்கிறார், விலாசமும் கீறல், இவருடைய பட்டியல் முழுக்கப் பொய் எண்டாளாம். சபை சிரித்தது. சுவரில் என் பேர் ஆனைப் பருமனில் நிண்டது.

"மாமி, உது உங்கட கையெழுத்தெல்லே?"

"எனக்கென்ன விசரே? நானில்லை."

"ஸ்காபரோவில கட்டுவன் நாகம்மா எத்தினை பேர் மாமி?"

டொனால்ட் சிவந்த முகத்தோடு திரும்பினார். அவருடைய கண் என்னில் வந்து நிண்டது. எழுதினவள் இவளெண்டு விரலை நீட்டினால் போதும், அவருடைய மானம் மிஞ்சும். அவர் நீட்டவில்லை. அந்தப் பேரை வெட்டிவிடுங்கோ எண்டு மட்டும் சொல்லி இருந்துவிட்டார். பட்டியலைப் புதிதாய் எடுத்துவரச் சொல்லிச் சபை தவணை போட்டது.

காரில் வரும்போது நெஞ்சு எரிந்தது. ஊராக்களுக்குத் தெரியும், கட்டுவனில் எங்கள் வீடு பலாலி எயர்போர்ட்டுப் பக்கம். ஆமி போட்ட எயர்போர்ட் வேலி வளர்ந்து வளர்ந்து வந்து வீட்டையும் கிணத்தையும் உள்ளே எடுத்தது. அதற்கு ஒருத்தரும் தாள் கொண்டுவந்து கேட்கவில்லை. அங்கே எயர்போர்ட் வீடுகளை விழுங்கினது. இங்கே வீடுகள் எயர்போர்ட்டை விழுங்கப் பார்க்குதுகள். கேளாமல் பறிகொடுத்த நான், வாசல் தேடி வந்து கேட்ட மனிசனின் தாளில் மண்ணள்ளிப் போட்டுவிட்டன்.

அடுத்தநாள் வதனியைக் கூட்டிக்கொண்டு அவரிடம் போனன். "எனக்கு வாசிக்கத் தெரியாதெண்டு சொல்லு" எண்டன். வதனி என்னை ஒருக்கால் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. புதுத் தாளை எடுத்து, என்னிடம் தராமல், முதலில் வாசித்துக் காட்டெண்டு அவளிடம் கொடுத்தார். வீடுகளுக்கு முன்னமே அந்த எயர்போர்ட் இருந்ததாம். தூர ஊர் நோயாளிகளை இந்தப் பிளேன்காரர் சும்மா ஏற்றிவந்து ஆஸ்பத்திரியில் விடுவார்களாம். அந்தச் சத்தத்துக்கு எனக்கு இண்டைக்கும் பயந்தான். எண்டாலும் தெரிந்தே கையெழுத்து வைத்தன். நாகம்மா எண்டு எழுதின கை தன்பாட்டில் கட்டுவனையும் எழுதிவிட்டது. வதனி அதற்குக் கீழே மில்லிக்கன் வீட்டு நம்பரைப் போட்டாள்.

அவர் மேல்வரியில் கட்டுவனில் விரலை வைத்து என்னவோ கேட்டார். எங்கள் ஊர், அங்கேயும் பக்கத்தில் எயர்போர்ட் எண்டு வதனி சொல்லியிருக்கிறாள். மனிசனுக்கு முகமெல்லாம் வெளிச்சம். கை திரும்பச் செட்டையாய் விரிந்தது.

"அப்ப பிளேன் சத்தம் கேட்டால் உங்களுக்கு ஊர் நினைப்பு வந்து சந்தோசமாயிருக்குமாம் மாமி" எண்டு வதனி மெல்லச் சொன்னாள்.

அந்நேரம் பார்த்துக் கூரைக்கு மேலால் ஒன்று இறங்கிப் போனது. அவர் ஆசையோடு அண்ணாந்து பார்த்தார். நான் கதிரைப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "யெஸ், யெஸ்" எண்டன்.