மூன்று குழி, ஒரு மோதிரம்

தொலைத்தவர்கள் எல்லோரும் இடத்தைச் சத்தியம் செய்து காட்டுவார்கள்; பொருள் மட்டும் அங்கே இருக்காது. வயலில் விழுந்த நகை, சாவி, உழவு மெஷினிலிருந்து தெறித்த கத்தி, இவற்றை மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடிக் கொடுப்பது என் தொழில். திருவையாற்றைச் சுற்றி எட்டு வருஷமாகச் செய்கிறேன். விசிட்டிங் கார்டில் 'நிபுணர்' என்றுகூட அச்சடித்திருக்கிறேன். இந்த வருஷம் பழைய மெஷின் உயிரை விட்டது, புதிது வாங்கினேன். புது போன் வாங்கிவிட்டு, பழைய போனில் பட்டன் இருந்த இடத்தையே ஒரு மாதம் தடவிக்கொண்டிருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

இடது கை மாப்பிள்ளை

பிரபு சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவன். கல்யாணத்துக்காக லீவில் வந்தவன், திங்கட்கிழமை தங்கள் வயலில் நடவு நடப்பதைப் பார்த்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். ஒரு வரிசை நட்டு, வீடியோவும் எடுத்துக்கொண்டான். கரையேறிக் கை கழுவினால் நிச்சயதார்த்த மோதிரத்தைக் காணோம். விரலுக்குக் கொஞ்சம் லூசான மோதிரம். நூல் சுற்றிப் போட்டுக்கொள் என்று அம்மா சொல்லியும் கேட்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் தாராசுரத்திலிருந்து வருகிறார்கள். என்னைக் கூப்பிட்டது வியாழக்கிழமை.

"அந்தப் பொண்ணுக்கு இன்னும் தெரியாதா?" என்று கேட்டேன். அழாத குறையாகச் சொன்னான்: "மூணு நாளா வீடியோ கால்ல இடது கையாலேயே டாட்டா காட்டுறேன் மாமா. 'சாப்பிடுறதும் அந்தக் கையாலதானா'ன்னு நேத்து கேட்டுட்டா."

அம்மாவின் கணக்கு

பிரபுவின் அம்மா ராஜேஸ்வரிக்கு மோதிரத்தைவிடப் பயிர்தான் கவலை. நட்டு மூன்று நாள். நாற்று இப்போதுதான் வேர் பிடிக்கிறது. அதற்குள் ஒருவனை மெஷினோடு இறங்கிக் கண்ட இடத்தில் தோண்டவிட யாருக்குத்தான் மனம் வரும்? எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. நட்ட வயலில் குழி தோண்டினால், பிடுங்கிய நாற்றை நானே திரும்ப நட்டுவிட்டுத்தான் கரையேறுவேன். அதைப் பெருமையாகச் சொன்னேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "போன வருஷம் சாவி தேடுனப்ப நீங்க நட்டது நின்ன அழகைத்தான் பார்த்தேனே அண்ணே. மூணு குழி. நாலாவது கிடையாது."

முதல் குழி

நடவு ஆட்களைக் கூட்டி வந்த அஞ்சம்மாள்தான் பிரபு நின்ற இடத்தைக் காட்ட என்னோடு சேற்றில் இறங்கினார். மெஷினை வீசினேன். மணி அடித்த மாதிரி ஒரு சத்தம். குறி வைத்து நாற்றைப் பிடுங்கிக் கையை விட்டேன். ஒன்றுமில்லை. கலங்கிய தண்ணீருக்குள் வலப்பக்கமாகத் துழாவினேன். வழவழவென்று, வட்டமாக, கெட்டியாக ஒன்று சிக்கியது. "கிடைச்சிட்டுது!" என்று கத்தினேன். கரையில் பிரபு குதித்தான்.

அஞ்சம்மாள் அசையாமல் நின்றார். "அது என் மெட்டிங்க. போட்டு இருபது வருஷம் ஆவுது, இன்னும் தொலையலை."

இரண்டாவது குழி

அஞ்சம்மாளைக் கரையேற்றிவிட்டு, சற்றுத் தள்ளி இன்னொரு சத்தத்துக்குத் தோண்டினேன். குழியில் சேறுதான். ஆனால் குழிக்குப் பக்கத்தில் மெஷின் இன்னும் கத்திக்கொண்டே இருந்தது. பொய் சொல்வது மெஷினா, நானா? அதற்கு மேல் துழாவத் தைரியம் வரவில்லை. அடையாளத்துக்கு ஒரு குச்சியை நட்டுவிட்டு, நாற்றையும் கோணல் மாணலாக நட்டுவிட்டு ஏறினேன். கரையில் பார்த்துக்கொண்டிருந்த ராஜேஸ்வரி ஒரே ஒரு விரலைக் காட்டினார்.

"இன்னும் ஒண்ணு."

ஏழு நட்டு

வெள்ளிக்கிழமை முழுக்க வீட்டில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டு வருஷமாகக் கண்டுபிடித்தது நானா, பழைய மெஷினா? ஐம்பத்து நாலு வயதில் ஒரு மனிதன் தன்னைக் கேட்டுக்கொள்ளக் கூடாத கேள்வி. பார்த்துச் சலித்த என் மனைவி சாந்தா, ஏழு சைக்கிள் நட்டுகளை எடுத்துப்போய்க் கொல்லையில் வாழைக்குப் பக்கத்தில் புதைத்தாள். "கண்டுபிடிங்க" என்றாள். மெஷினை வீசி ஏழு இடத்தில் குறி வைத்தேன். பிறகு நட்டுகள் இருந்த இடத்தில் அவள் ஏழு ஈர்க்குச்சிகளைக் குத்தினாள். என் ஏழு குறியும் குச்சிக்குச் சரியாக ஒரு சாண் இடது பக்கம் இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. நான் எப்போதும் இடமிருந்து வலமாக வீசும்போதுதான் குறி வைப்பேன். பழைய மெஷின் சோம்பேறி. பொருளைத் தாண்டி ஒரு சாண் போன பிறகுதான் வாயைத் திறக்கும். அதனால் சத்தம் வந்ததும் என் கை தானாக ஒரு சாண் பின்னால் வந்துவிடும். புதிது பொருளுக்கு நேர் மேலேயே கத்துகிறது. என் கைக்கு அது தெரியவில்லை.

சாந்தா குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டே சொன்னாள்: "ஏழும் ஒரே அளவுக்குத் தப்புன்னா அது தப்பு இல்லீங்க, பழக்கம்."

மூன்றாவது குழி

சனிக்கிழமை காலையில் வரப்பில் மூன்று பேர்: ராஜேஸ்வரி, பிரபு, வேடிக்கை பார்க்க அஞ்சம்மாள். குச்சி நட்ட இடத்துக்குப் போய் மெஷினை வீசினேன். சத்தம் வந்தது, என் கை இடது பக்கம் நகர்ந்தது. "நில்லு" என்று அதனிடம் வாய்விட்டே சொன்னேன். திரும்பி நின்று குறுக்காகவும் வீசினேன். இரண்டு வீச்சும் ஒரே குத்து நாற்றின் மேல் வந்து சேர்ந்தன. அந்த ஒரு குத்தைப் பிடுங்கினேன். வேரோடு வந்த சேற்றில் மோதிரம் பல்லைக் காட்டியது.

பிரபு சேற்றில் பாய்ந்து வந்தான். மோதிரத்தை மாட்டினான். அடுத்த நிமிஷமே பெண்ணுக்கு வீடியோ கால் போட்டு, ஐந்து நாள் பாக்கிக்கும் சேர்த்து வலது கையை வீசி வீசி டாட்டா காட்டினான். ப்ளக்.

லூசான மோதிரம் மறுபடியும் சேற்றுக்குள். "மூணு குழியும் முடிஞ்சுது" என்றார் ராஜேஸ்வரி.

ஒரே வீச்சு. இரண்டு வரிசைக்கு நடுவே இரண்டு விரலை விட்டேன். ஒரு நாற்றுகூட ஆடவில்லை. மோதிரம் விரல் நுனியில் வந்தது. ராஜேஸ்வரி அதை மகனிடம் தராமல் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். எல்லாவற்றையும் போனில் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

"கல்யாணத்துக்கு அந்த மாமாவைக் கண்டிப்பா கூப்பிடுங்க. மெஷினோட."

எட்டு வருஷமாக என் திறமை என்று நான் நம்பிக்கொண்டிருந்தது ஒரு சோம்பேறி மெஷினுக்கு ஏற்ப வளைந்துபோன பழக்கம்தான் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் கார்டிலிருந்து 'நிபுணர்' என்ற சொல்லை நீக்க இன்னும் மனம் வரவில்லை.