வேளாங்கண்ணி பஸ்ஸில் வந்த தம்ளர்கள்

ராயபுரத்தில் எங்கள் தெருக்காரர்கள் எல்லோருமாக வருடாவருடம் ஒரு பஸ் பேசி வேளாங்கண்ணிக்குப் போவோம். ஏற்பாடெல்லாம் என் நாத்தனார் கையில். தண்ணீர் பாக்கெட் மூட்டை, பிளாஸ்டிக் கப், தட்டு எல்லாம் அவரே வாங்கிப் போட்டுவிடுவார்.

என் வீட்டுக்காரருக்குக் காசிமேட்டில் விசைப்படகில் வேலை. வலையில் மீனோடு கவரும் பாட்டிலும் சேர்ந்து ஏறும். போன வருடம் ஒருநாள் அவருக்குத் துணையாக உட்கார்ந்து அதையெல்லாம் பிரித்தெடுத்தேன். இடுப்பு ஒடிந்துபோனது. எழுந்ததும் நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனேன்.

"இந்தவாட்டி பஸ்ல பிளாஸ்டிக் வாணாம் அண்ணி. அவங்கவங்க தட்டு, தம்ளர் எடுத்துகினு வரட்டும். தண்ணிக்குப் பெரிய கேன் வெச்சிக்கலாம்."

"இன்னாமே, சாமி கும்புடப் போறமா, பாத்திரம் தேய்க்கப் போறமா? தண்ணி தீந்துச்சின்னா நீதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன்."

வீடு வீடாக ஏறி இறங்கினேன். சிரித்தவர்கள்கூட, கிளம்பும்போது பையில் தட்டும் தம்ளருமாக வந்து நின்றார்கள். பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் எவர்சில்வர் சத்தம் காதைப் பிளந்தது.

கடலூர் தாண்டி, உச்சி வெயிலில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. குழந்தைகள் தாகம் என்று அழ ஆரம்பித்தன. நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் காலிக் கேனைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

டிரைவர் ஒரு ஓட்டல் முன்னால் நிறுத்தினார். காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

"கேன்லாம் நிரப்பித் தர முடியாதும்மா. பாட்டில் இருக்கு, வாங்கிக்கோங்க" என்றார் கல்லாவில் இருந்தவர்.

வெளியே வந்தேன். பஸ்ஸிலிருந்து எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரில் ஒரு கல்யாண மண்டபம், வாசலில் வாழைமரம். தெரியாதவர்கள் வீட்டுக் கல்யாணம். கூச்சமாக இருந்தாலும் ரோட்டைக் கடந்து நுழைந்துவிட்டேன். பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்தவர் மணப்பெண்ணின் அம்மா. அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கென்னங்க, குடிதண்ணி டிரம் இருக்கு, புடிச்சுக்குங்க. எத்தனை பேரு? எல்லாரையும் வரச் சொல்லுங்க, பாயசமாவது குடிச்சுட்டுப் போகட்டும்."

"கப்பு தீந்துபோச்சுக்கா" என்றார் பரிமாறிக்கொண்டிருந்தவர்.

"எங்ககிட்ட தம்ளர் கீதுங்க" என்றேன்.

நான் கைகாட்டியதும் எங்கள் தெருவே தம்ளரோடு இறங்கி வந்தது. மண்டபத்துப் பின்வாசலில் வரிசையாக நின்று சூடான சேமியா பாயசம் வாங்கிக் குடித்தோம். டிரைவர் இரண்டாம் தடவையும் நீட்டினார். கேன்கள் எல்லாம் நிரம்பின. மணமக்களை வாழ்த்திவிட்டுப் பஸ் ஏறியபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வேளாங்கண்ணியில் மெழுகுவர்த்திக் கடைக்காரர் கவரை எடுத்து ஊதிப் பிரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்தானையை விரித்துப் பிடித்திருந்தார்.

"இதுல போடுப்பா. நாங்க கவர் வாங்கறதில்ல."

பூசை முடிந்து வெளியே வந்தபோது, வேறொரு ஊர் பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்களிடம் அவர் பேசிக்கொண்டிருந்தார். தட்டு, தம்ளர், கேன் என்று ஒவ்வொன்றாக விளக்கினார், எல்லாம் தன் யோசனை மாதிரியே. அந்தப் பெண்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் குறுக்கே போகவில்லை. கொஞ்ச தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.