திரை போன போன்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மற்ற கடைகள் கைவிட்ட போன் கடைசியில் என் மேசைக்குத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கெட்ட போன்களைப் பிரித்துப் பிரித்தே தொழிலைக் கற்றேன். இன்று மைக்ராஸ்கோப்புக்கு அடியில் கடுகளவு ஐசி சிப்பை மாற்றுகிற கை இது. பார்த்தவுடன் நோய் சொல்வேன். அப்படிப்பட்ட என்னை ஒரு போன் ஒரே காலையில் இரண்டு தரம் ஏமாற்றியது. இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

1. கறுப்புத் திரை

கடை திறந்ததும் வெள்ளைக் கைத்தடியோடு ஒரு பெண் வந்தார். பெயர் யாழினி. பார்வை இல்லாதவர், ஆசிரியர் பயிற்சி முடித்தவர். மத்தியானம் கிள்ளானில் ஒரு பள்ளியில் அவருக்கு மாதிரி வகுப்பு. பிள்ளைகளின் நோட்டை இவர் எப்படித் திருத்துவார் என்று அங்குள்ள தலைமையாசிரியருக்குச் சந்தேகம். கேமராவைக் காட்டினால் போன் எழுத்தை வாசித்துச் சொல்லும், செய்து காட்டுகிறேன் என்று இவர் சொல்லியிருந்தார். அந்தப் போனில்தான் முதல் நாளிலிருந்து சத்தம் இல்லை. இயர்போனிலும் வரவில்லை.

வாங்கிப் பார்த்தேன். திரையே கறுப்பு. எந்தப் பட்டனை அமுக்கினாலும் வெளிச்சம் இல்லை. பாவம், திரை போனதுகூட இந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை என்று எனக்கு மனசு கேட்கவில்லை. ராமநாதபுரத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து என்னிடம் வேலை பார்க்கும் செல்வத்திடம், எல்சிடியையும் மாற்றிவிடு, காசு வேண்டாம் என்று காதோடு சொன்னேன். அது அவர் காதில் விழுந்துவிட்டது.

"அங்கிள், எல்சிடி எதுக்கு? அது நல்லாத்தானே இருக்கு."

"போயிருச்சும்மா. நான் பாத்துக்கறேன், நீங்க கவலப்படாதீங்க."

போனைத் திரும்ப வாங்கி, மூன்று விரலால் மூன்று தட்டு தட்டினார். திரை பளிச்சென்று வந்தது.

"நான்தான் திரைய மட்டும் மூடி வெச்சிருக்கேன். எல்ஆர்டி ரயில்ல பக்கத்துல நிக்கிறவங்க என் மெசேஜ படிக்கிறாங்க லா."

செல்வம் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரைதான் போன் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேனே.

2. பட்டாசுக் குரல்

கோளாறு ஆடியோ ஐசியில். வேறு கடையென்றால் புதுப் போன் வாங்கச் சொல்லியிருப்பார்கள். நான் அதைக் கழற்றி, சுத்தம் பண்ணி, திரும்ப உட்கார வைத்தேன். கிள்ளான் போகும் கொமுட்டர் ரயிலுக்கு நேரம் நெருங்கியது. ஆன் செய்தால் ஸ்பீக்கரில் படபடவென்று பட்டாசு வெடித்தது. ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஐசி சரியாக உட்காரவில்லை என்று மறுபடி ஹீட் கன்னை எடுத்தேன்.

"வேணாம் அங்கிள், நல்லா பேசுது. நான் வேகமா வெச்சுத்தான் கேப்பேன்."

நம்பாமல் முழித்தேன். கையால் எழுதியது ஏதாவது இருக்கிறதா, வாசித்துப் பார்க்கிறேன் என்றார். வாசலில் தொங்கும் பலகையைக் கொண்டுவரச் செல்வத்திடம் சொன்னேன். நானே பெயிண்டில் எழுதியது. கேமராவைப் பிடித்தார், பட்டாசு வெடித்தது. விரலை நகர்த்தி ஒவ்வோர் எழுத்தாகத் திரும்பக் கேட்டார்.

"அங்கிள், 'பளைய போன் வாங்கப்படும்'னு இருக்கு. 'பழைய'வுக்கு பழத்துல வர்ற ழ போடணும்."

பலகை எத்தனையோ வருஷமாக அங்கே தொங்குகிறது. கண்ணுள்ள ஒருவரும் சொன்னதில்லை. இனி அந்தத் தலைமையாசிரியரை நினைத்துப் பயப்பட வேண்டாம் என்று தைரியம் சொல்லி அனுப்பினேன்.

இப்போது கறுப்புத் திரையோடு ஒரு போன் வந்தால், ஸ்க்ரூ டிரைவரைத் தொடுமுன் என் கடையில் ஒரு கேள்வி கேட்போம்: போயிருச்சா, மூடி வெச்சிருக்கீங்களா? பார்த்தவுடன் நோய் சொல்கிற கெட்டிக்காரனும் முதலில் ஆளைக் கேட்க வேண்டும்.

அன்று சாயங்காலம் யாழினி போனில் கூப்பிட்டார். மாதிரி வகுப்பில் பிள்ளைகள் நோட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்களாம். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். போனை வைக்கும்போது கேட்டார்:

"பலகைய மாத்திட்டீங்களா?"

"மாத்தியாச்சு லா," என்றேன். பெயிண்ட் டப்பாவைக்கூட இன்னும் திறக்கவில்லை.

"அப்ப படம் எடுத்து அனுப்புங்க அங்கிள். நான் பாக்கணும்."