கிணற்றடிச் சந்தன மரம்

மண்டப வாசலில் ஒரு பெண் சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். தொட்டுக் கையில் தடவியதும், அறுபதுகளில் வடமதுரைப் பக்கம் நடந்த என் அக்காவின் கல்யாணம் நினைவுக்கு வந்தது.

எங்கள் கிணற்றடியில் ஒரு சந்தன மரம் நின்றது. நிலம் எங்களுடையதுதான், ஆனால் அனுமதியில்லாமல் மரத்தை வெட்டினால் சர்க்கார் பிடித்துக்கொண்டு போகும். வனக்காவலர் வந்து அதில் எண் எழுதிவிட்டுப் போவார். ஆடு கடிக்காமலிருக்க அம்மா சுற்றிலும் இலந்தை முள் வைத்திருந்தாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளையின் அப்பா மரத்தைத் தடவிப் பார்த்தார்.

“சம்பந்தி, தடிச்ச கொப்பா ஒண்ணு வெட்டுனா யாருக்குத் தெரியப்போகுது? பொண்ணுக்கு நம்ம மரத்துச் சந்தனத்தையே பூசலாம்ல.”

சம்பந்தியிடம் எப்படி மறுப்பது என்று அப்பா தடுமாறினார். அக்காதான் வீட்டுக்குள்ளிருந்து சொன்னாள்.

“வேணாம் மாமா. சர்க்கார்ல நம்மள நம்பித்தான மரத்த விட்டுருக்காங்க. எனக்குக் கடைச் சந்தனம் போதும்.”

கல்யாணப் பெண் அப்படிப் பேசியதில் எல்லோரும் திகைத்துப் போனோம். மாப்பிள்ளையின் அப்பா மரத்திலிருந்து கையை எடுத்தார். பிறகு எங்கள் அப்பாவிடம், “எங்க வீட்டுப் பீரோச் சாவிய இந்தப் புள்ளகிட்டயே குடுத்துறலாம்” என்றார்.

மண்டப வாசலில் நின்றபடி கையை முகர்ந்தேன். நல்ல வாசனைதான். வெட்டாத சந்தன மரம் மணப்பதில்லை. எங்கள் மரத்தின் வாசனை எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது.