நீராவியா, எண்ணெயா: ராயபுரத்திலிருந்து எண்ணூர் சலவை ஆலைக்கு

மலையும் அருவியும் பார்த்து எழுதுகிறவர்கள் நடுவே, பன்னிரண்டு கிலோமீட்டர் போய் எண்ணெய் ஹீட்டர் ஓடும் ஒரு சலவை ஆலையைப் பார்த்ததை எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் வாங்கும் முன் நேரில் பார்க்க நினைப்பவர்களுக்கு உதவலாம்.

ராயபுரத்தில் கப்பல், ஓட்டல் விரிப்புகளைத் துவைக்கும் ஆலையில் அப்பா இருபத்திரண்டு வருடமாக பாய்லர் ஆபரேட்டர். பாய்லர் பழசாகிவிட்டது. எங்கள் வீட்டில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான், அதுவும் மெக்கானிக்கல். நீராவியே போதுமா, எண்ணெய் ஹீட்டருக்கு மாறலாமா என்று பார்த்துச் சொல்லும்படி முதலாளி கேட்டார். மாறினால் எண்ணெய் தெரிந்த ஆளைத்தான் வைப்பேன் என்றும் சொன்னார்.

"எண்ணெயில துணியா? இன்னா, பூரியா சுடப் போறாங்கோ?" என்றார் அப்பா. சூடான எண்ணெய் துணியில் படாது, தேய்க்கும் உருளைக்குள்ளேயே சுற்றும் என்றேன்.

சனிக்கிழமை காலை 7.10க்குப் பேருந்து, பெண்களுக்கு இலவசம். திருவொற்றியூர் தாண்டியதும் கண்டெய்னர் லாரி வரிசை. எண்ணூர் சேர 8.25. பிறகு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

எங்கள் நீராவி எட்டு கிலோ அழுத்தத்தில் சுமார் 175 டிகிரி. அங்கே எண்ணெய் பெரிய அழுத்தம் இல்லாமலே 220. கெட்டி விரிப்பு ஒரே ஓட்டத்தில் காய்கிறது. எங்களுக்கு இரண்டு ஓட்டம். தண்ணீரின் உப்பு குழாயில் படியும் தொல்லையும் இல்லை. ஆனால் துவைக்கும் தண்ணீரில் நீராவியை நேரே விட்டுச் சூடாக்கலாம். எண்ணெயை விட முடியாது, தனி ஏற்பாடு வேண்டும். நீராவி கசிந்தால் ஆளைச் சுடும். எண்ணெய் கசிந்தால் தீயும் பிடிக்கும்.

ஹீட்டரைப் பார்த்துக்கொள்பவர் நெட்டுக்குப்பம் அந்தோணி அண்ணன்.

"உன் நைனா ஸ்டீம்காரரா? பேஜாருதான்மா. முன்ன இங்க இருந்தவரும் ஸ்டீம்காரரு. வூட்டுக்குப் போற அவசரத்துல பர்னர நிறுத்தும்போதே எண்ணெ பம்ப்பையும் நிறுத்திட்டாரு. எண்ணெ ஓடாம நின்னுச்சுன்னா அந்தச் சூட்டுலயே கருகிடும். குழாயெல்லாம் கரி. மூணு வாரம் மிசினு சும்மா நின்னுகினு இருந்துச்சு."

"அவர் இப்போ?"

"அனுப்பிட்டாங்கமா."

எண்ணெய் ஆறும்வரை பம்ப் ஓட வேண்டும். அப்பாவோ எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்தி, சத்தம் முழுக்க அடங்கிய பிறகே சட்டை மாட்டுபவர்.

எங்கள் வேலையில் பெரும்பகுதி விரிப்பு தேய்ப்பது. அதனால் எண்ணெய் என்றே எழுதிக் கொடுத்தேன். அப்பாவிடம் சொன்னபோது, "சரியாத்தானே எழுதிக்கீற? அப்புறம் இன்னா?" என்றார்.

பார்க்கப் போகிறவர்கள் பருத்தி உடையில், வேலை முடித்து நிறுத்தும் நேரத்தில் போங்கள். காலையில் போனதால் அதை நான் பார்க்கவில்லை.

அந்தோணி அண்ணனிடம் கேட்க வாய் வரவில்லை, இங்கே கேட்கிறேன். வட சென்னையில் எண்ணெய் ஹீட்டர் ஓட்டுகிறவர் யாராவது இதைப் படித்தால், என் அப்பாவை ஒரு வாரம் சாயங்காலம் பக்கத்தில் நிற்க விடுவீர்களா? சம்பளம் வேண்டாம்.