அக்கா சொன்ன ‘நோ’

எங்கள் அக்கா பிறந்த நாளும் மறைந்த நாளும் இந்த நினைவு மலரின் அட்டையில் உள்ளன. இரண்டையும் சரிபார்த்துத்தான் அச்சுக்குக் கொடுத்தேன். குடும்பத்தில் யாருக்கு எப்போது காது குத்தியது, எந்த வருடம் எந்த வீடு மாறியது என்றெல்லாம் என்னிடம்தான் கேட்பீர்கள். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன். ஓராண்டுப் பூசைக்கு வரும் உங்கள் கையில் கொடுக்கப்படும் மலரில் புகழ்ச்சியை எதிர்பார்ப்பீர்கள். அது பின்னால் வரும். முதலில் நடந்ததை, நடந்த வரிசையில் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வரிசையைத்தான் நம் குடும்பம் கலைத்துப்போட்டது.

மலாக்கா மாநிலத்தில் மெர்லிமாவுக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு தோட்டத்தில், ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டு முடித்த மறுவருடம் அக்கா பிறந்தார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தார். இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு நின்றார். அப்பா குலை வெட்டும்போது விழுந்து இடுப்பு உடைந்த வருடம் அது. படிப்பு வராமல் நின்றார் என்று சிலர் சொல்வது பொய். அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று இன்றும் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கில்லை.

படிப்பில் அக்காவுக்கு வராத ஒன்று ஆங்கிலம். ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதி வைத்துப் படித்தார். நம் எழுத்தில் ‘ப’ ஒன்றுதான், ‘ட’வும் ஒன்றுதான். மட்டைக்கும் கெட்டதற்கும் தட்டுவதற்குமான ஆங்கிலச் சொற்கள் மூன்றும் அவர் ஏட்டில் ‘பேட்’ என்றே இருந்தன. வகுப்பில் எழுந்து வாசித்தபோது எல்லாரும் சிரித்தார்கள். அன்று மூடிய வாயை அக்கா பல வருடங்கள் ஆங்கிலத்துக்காகத் திறக்கவில்லை. மலாய் சரளமாக வந்ததால் அதுவே போதுமென்று இருந்துவிட்டார்.

பிறகு குடும்பம் பெம்பானுக்கு மாறியது. கோழி இறைச்சியை உறையவைத்து அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் அக்கா வேலைக்குச் சேர்ந்தார். பொட்டலம் கட்டுவதில் தொடங்கி, மாலையில் குளிர் அறையைப் பூட்டிச் சாவியை ஒப்படைக்கும் பொறுப்புவரை உயர்ந்தார். ஒரு புரட்டாசி மாதக் காலையில் அந்த அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே இருந்ததெல்லாம் கெட்டுப்போயிருந்தது. அக்காவை ஆபீசுக்கு அழைத்தார்கள்.

ஆபீஸ் அறையில் மூன்று பேர். ஒருவர் அக்கா. இன்னொருவர் வெளிநாட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்த மேலாளர். அவருக்கு மலாய் தெரியாது. மூன்றாமவர் அந்த ஆபீசில் அதிகாரியாக இருந்த நம் அத்தான், பெரியம்மா மகளின் கணவர். பெயர் எழுதவில்லை. உங்கள் எல்லாருக்கும் தெரியும்.

“யூ டிட் நாட் லாக் தி டோர்?” என்றார் மேலாளர்.

நீ கதவைப் பூட்டவில்லையா என்பது கேள்வி. இதைத் தமிழில் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? “இல்லை சார், பூட்டினேன்.” அக்காவும் அதைத்தான் சொல்ல வந்தார். ‘இல்லை’க்கு ஆங்கிலம் தெரிந்தது. ‘பூட்டினேன்’ பதற்றத்தில் வரவில்லை.

“நோ சார்! நோ சார்!” என்றார்.

மேலாளர் திரும்பவும் கேட்டார். அக்கா இன்னும் உரக்க “நோ சார்!” என்றார். மறுக்க மறுக்க, ஆங்கிலக் கணக்கில் பூட்டவில்லை என்று ஒத்துக்கொண்டே போனார். அத்தானைப் பார்த்து, “அத்தான், நீங்களாச்சும் சொல்லுங்களேன், நான்...” என்று தொடங்கியபோது அவர் தலையைத் தூக்காமலே, “இங்க தமிழ் பேசாதம்மா. ஆபீஸு இது” என்றாராம். இவளுக்குக் கேள்வி புரிகிறதா என்று மேலாளர் அவரிடம் கேட்டார். “எஸ் சார், ஷி அண்டர்ஸ்டாண்ட்ஸ்” என்றார் நம் அத்தான்.

அந்த வாரமே அக்காவை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

அடுத்து வந்த தீபாவளிக்குப் பெரியம்மா வீட்டில் கூடியிருந்தோம். பெரியம்மா சாதாரணமாகக் கேட்டார்: “ஏன்டி, நீயே ஒத்துக்கிட்டியாமே? கதவ சாத்தாம வந்துட்டேன்னு?”

“நான் எப்ப பெரிம்மா ஒத்துக்கிட்டேன்? நோ நோன்னுதானே கத்துனேன்!”

“மாப்ள பொய்யா சொல்வாரு?”

மாப்பிள்ளை, அதாவது நம் அத்தான், அங்கேதான் உட்கார்ந்திருந்தார். முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார்.

இங்கேதான் வரிசை முக்கியம். தீபாவளி விடுமுறை முடிந்து தொழிற்சாலை திறந்த அன்று அதே கதவு மறுபடி திறந்து கிடந்தது. அக்கா அப்போது அங்கே வேலையில் இல்லை. பூட்டின் நாக்கு தேய்ந்து, பூட்டிய பிறகும் கதவு தானே விலகுகிறது என்று கண்டுபிடித்துக் கதவையே மாற்றினார்கள். அங்கே வேலை செய்த பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் இது எங்களுக்குத் தெரிந்தது. அத்தான் சொல்லவில்லை. முதலில் நீக்கம், பிறகு இந்தக் கண்டுபிடிப்பு. ஆனால் நம் உறவில் இன்றுவரை பேசப்படுவது முதல் பாதி மட்டும்.

அடுத்த நோன்புப் பெருநாளுக்குப் பிறகு அக்கா கிளேபாங் கடற்கரைச் சாலையில் ஓர் இளநீர்க் கடையில் சேர்ந்தார். கடைக்காரர் ஒரு மலாய்ப் பெண்மணி. அக்கா அவரைக் காக் ரோஸ், அதாவது ரோஸ் அக்கா, என்று அழைப்பார். ஒரு மதியம் ஐஸ் தீர்ந்துவிட்டது. சுற்றுலாவுக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர், “யூ டோன்ட் ஹேவ் ஐஸ்?” என்று கேட்டார்.

“எஸ், எஸ்” என்று அக்கா சிரித்த முகத்தோடு சொன்னார். ‘ஆமாம், ஐஸ் இல்லை’ என்பது அவர் சொல்ல வந்தது.

ஐஸ் இருக்கிறது என்று நினைத்து வெள்ளைக்காரர் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பிறகு, “வேர் இஸ் மை ஐஸ்?” என்று முகம் சிவந்தார்.

“ஐ டெல் யூ ஆல்ரெடி லா! எஸ்!”

காக் ரோஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினார். பிறகு மலாயில் அக்காவிடம் சொன்னார்: “நானும் முதல்ல இப்படித்தான் அடி வாங்கினேன். அவங்க கேள்வி எப்படி வருதுன்னு பாக்காத. பொருள் இருக்கா, எஸ். இல்லையா, நோ. செஞ்சியா, எஸ். செய்யலையா, நோ. அவ்வளவுதான்.”

அன்று மாலை நான் ஜொகூரில் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது அக்கா போன் செய்தார்.

“தம்பி, நான் ஒத்துக்கிட்டேன்டா. என் வாயாலயே ஒத்துக்கிட்டேன். அது எனக்கே தெரியலடா.”

அழவில்லை. குரல் மட்டும் தட்டையாக இருந்தது. நிகழ்காலம், இறந்தகாலம், ஒருமை, பன்மை என்று பள்ளியில் அக்காவின் தலையில் எத்தனையோ கொட்டினார்கள். ‘ஆமாம்’ வேறு, ‘எஸ்’ வேறு; ‘இல்லை’ வேறு, ‘நோ’ வேறு என்று ஒருவரும் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் எத்தனை பேர் இந்தக் குழியில் விழுந்திருப்பார்கள்? எத்தனை நேர்முகத் தேர்வில்?

அதன் பிறகுதான் அக்கா ஆங்கிலம் கற்றார். ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வதை அறவே விட்டார். “எஸ், வி ஹேவ்.” “நோ, வி டோன்ட் ஹேவ்.” வால் இல்லாத எஸ்ஸும் நோவும் அவர் வாயில் வராது. கேள்வி புரியாவிட்டால் தலையாட்டாமல் திரும்பக் கேட்பார். தமிழெழுத்தில் எழுதிப் படிப்பதை நிறுத்தி, வருபவர்களின் வாயைப் பார்த்துச் சொல்லிப் பழகினார். மலாயில் விளக்கைத் ‘திற’ என்பதுபோல் ‘ஓப்பன் தி லைட்’ என்று சொல்லிவந்ததைத் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டார். ‘தி’ என்ற சொல்லை எங்கே போடுவது என்பது மட்டும் கடைசிவரை வசப்படவில்லை. “ரசத்துக்கு உப்பு மாதிரி போடறேன். கூடக்கொறைய இருந்தாலும் குடிச்சிட்டுப் போங்க” என்பார்.

ஆங்கிலம் கற்க விரும்பும் நம் வீட்டு இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். தெரியாதவர்களிடம் பேசிப் பழகுங்கள். கிளேபாங்கில் எந்த அந்நியரும் அக்காவைக் கேலி செய்ததில்லை. அவர்களுக்கு இளநீர் வேண்டும், அவ்வளவுதான். கேலி செய்தது நாம். கல்யாண மண்டபத்தில் அக்கா ஒரு வாக்கியம் பேசினால், “அடேங்கப்பா, இங்கிலாந்து ராணி வந்துட்டாங்க, எந்திரிங்க லா!” என்றது நம் மேசை. ஆங்கிலம் கற்பதில் மிகப் பெரிய தடை இலக்கணமில்லை, உச்சரிப்புமில்லை. பிறர் தவறுக்காகக் காத்திருந்து சிரிக்கும் சொந்தக்கார வாய். அந்த வாய்களில் சில இந்த மலரைப் படித்துக்கொண்டிருக்கின்றன.

நோய் வருவதற்கு முந்தைய வருடம், மலாக்கா நகரில் ஒரு திருமணத்தில் அக்கா அத்தானின் மேசைக்குப் போனார். நான் பக்கத்தில் நின்றேன்.

“அத்தான், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நான் என்ன சொல்ல வந்தேன்னு உங்களுக்குப் புரியலையா?”

“நோ, நோம்மா, அது வந்து...”

“இது எந்த நோ அத்தான்? உங்க நோவா, என் நோவா? புரிஞ்சிச்சா, புரியலையா?”

அத்தான் சுற்றும் பார்த்தார். “பழைய கத லா, விடும்மா. புரிஞ்சிச்சு. பாஸ் முன்னால நான் என்ன செய்ய முடியும்? சொந்தக்காரிக்குப் பரிஞ்சு பேசறான்னு நெனைக்க மாட்டாங்களா?”

“பரிஞ்செல்லாம் பேச வேணாம். நான் சொன்னத அப்படியே சொல்லியிருந்தா போதும்.”

மேளச் சத்தத்தில் வேறு யாருக்கும் இது கேட்கவில்லை. நான் கேட்டேன். எழுதிவிட்டேன்.

சிறுநீரகம் கெட்டு அக்கா மருத்துவமனையில் இருந்த மாதங்களில் தன் உடம்பைப் பற்றித் தானே முழு வாக்கியங்களில் டாக்டரிடம் பேசினார். என்னை இடையில் பேச விடவில்லை. கடைசி வாரம் வீட்டுக்கு வர விரும்பினார்; வந்தார். ஒரு விடியற்காலையில் அமைதியாக அடங்கினார். பொய் சொல்லாதவர், எடுத்த வேலையைப் பாதியில் விடாதவர், கோபத்தைச் சாப்பாட்டில் காட்டாதவர். புகழ்ச்சி இவ்வளவுதான், இதில் மிகை இல்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் உண்டு. கடையை மூடிவிட்டு வந்து அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த காக் ரோஸுக்கு நன்றி. கதவின் உண்மையை வந்து சொன்ன பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு, தன் வேலை போகலாம் என்று தெரிந்தும் சொன்னதற்காக, நன்றி. அக்காவைத் தாங்கித் தூக்கிய செவிலியர்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்தவர்களுக்கும் நன்றி.

அத்தான் இந்த மலருக்கென்று அழகான ஆங்கிலத்தில் ஓர் அஞ்சலி அனுப்பியிருந்தார். அக்கா நேர்மையானவர் என்று அதில் எழுதியிருக்கிறார். அதை நான் அச்சிடவில்லை. அத்தான், பூசைக்கு வாருங்கள். உங்களுக்கும் இலை போட்டிருக்கும். பெரியம்மாவும் மற்றவர்களும் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நின்று, “அவள் ஒத்துக்கொள்ளவில்லை, பூட்டினேன் என்றுதான் சொல்ல வந்தாள், எனக்கு அன்றே தெரியும்” என்று தமிழில் சொல்லுங்கள். சொல்ல முடியாதென்றால் வர வேண்டாம்.