ஏழு ஒன்றுகள்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கடிதம் வந்தால் இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் வகுத்தல் கணக்கில் என்னிடம் பிழை பிடித்தவர் ஒருவரும் இல்லை. அதை எந்தச் சபையிலும் சொல்வேன்.

ஐம்பதுகளில் பெரியகல்லாற்றில் என் அண்ணனுக்குச் சயரோகம் கண்டது. வாத்தியார் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தவர். வாவியோரம் தனிக் குடிலில் படுத்துவிட்டார். அவர் தொட்ட கடதாசியையும் அம்மா எரித்துவிடுவா. அதனால் அவர் உள்ளே கிடந்து எண்ணைச் சொல்வார். நான் தென்னங்கிடுகு வேலிக்கு வெளியே ஈர மணலில் விரலால் கணக்குச் செய்வேன்.

அவருக்கு ஒரே ஓர் எண்தான். வரிசையாக ஏழு ஒன்று. பதினொரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று. அதை மிச்சமில்லாமல் வகுக்கும் எண் உண்டா என்று கண்ணை மூடுமுன் அறிய வேண்டும் என்றார்.

"ஆறு ஒண்டு எண்டா மூண்டே உடைச்சிப்போடும். எட்டு ஒண்டு பதினொண்டுக்குப் பணிஞ்சிரும். இந்த ஏழுதான் புள்ள தலைக்கனம் புடிச்சது. உன்னைப்போல."

"உங்களைப்போல எண்டு சொல்லுங்க."

சிரித்தார். சிரிப்பு இருமலாகப் போய்விட்டது.

மூன்றால் போகாதது ஆறாலும் ஒன்பதாலும் போகாதாம். ஆகவே ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாத பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும். இருமல் தணிந்த நாட்களில், வெயில் சாய்ந்தபின் ஒன்றோ இரண்டோ பார்ப்போம்.

"மிச்சம் கிடக்கு அண்ணன்."

"கிடக்கட்டும். அடுத்தது."

இப்படியே மாரி வந்து போனது. இருநூற்று முப்பத்து மூன்றால் வகுத்தேன். நூற்று அறுபத்தேழு மிச்சம். "கிடக்கட்டும்" என்றார். அடுத்தது சொல்லவில்லை. விடிய அவர் இல்லை.

எட்டாம் நாள் படையல் தவறக்கூடாதென்று அம்மா அடுப்படிச் சுவரில் கரியால் நாளுக்கொரு கோடு இழுத்துவந்தா. ஏழாம் நாள் குடிலை வேலியோடு பிரித்து எரித்தார்கள். அது அடங்கியபின் நான் பழைய இடத்தில் போய்க் குந்தினேன். ஏழு ஒன்றையும் கீறினேன். அடுத்த பகா எண்ணை நானே தேடி எடுத்தேன். இருநூற்று முப்பத்தொன்பது.

கடைசியில் இரண்டாயிரத்து நூற்று ஐம்பத்தொன்று நின்றது. ஒன்பது தரம் போட்டுக் கழித்தேன். ஒன்றும் மிஞ்சவில்லை. நம்பாமல் மறுபடியும் செய்தேன். மிஞ்சவில்லை.

"உடைஞ்சிட்டு அண்ணன்" என்றேன், வேலி நின்ற பக்கம் பார்த்து. அங்கே சாம்பல்தான்.

பின்னால் அம்மா வந்து நின்றதை நான் காணவில்லை. மணலில் அந்த ஏழு கோட்டைத்தான் அவ பார்த்தா.

"நீயும் நாள் எண்ணுறியா மனே? நாளைக்கு எட்டாம் நாளெல்லுவா."

குனிந்து, பக்கத்தில் தன் விரலால் இன்னொரு கோடு கீறினா. கீறிய விரலை எடுக்காமல் அப்படியே இருந்து அழுதா.

எட்டு ஒன்று. பதினொன்றுக்குப் பணிந்துபோகும் எண். நான் அதை அழிக்கவில்லை.

"ஓம் அம்மா, எட்டு" என்றேன்.